பஸ் ஓடாத நாள்

காலை ஏழே காலுக்கு வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்ன கௌசிகன், ஏழு நாற்பதாகியும் வரவில்லை.

தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் தான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு முன்னால், நடைபாதை ஓரத்தில் நின்று கிருசாந்தன் அவனைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்ததே தவிர, ஆள் எடுக்கவில்லை. இன்னும் விடியவில்லை. எதிர்வீட்டுச் சன்னலில் நத்தார் மரத்து விளக்குகள் எரிவதும் அணைவதுமாக இருந்தன. தெருவில் ஒரு குருவி, காக்கை இல்லை.

லண்டனில் வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் பஸ் ஓடாது, ட்ராம் ஓடாது, ரயிலும் ஓடாது. அது கிறிஸ்து பிறந்த நத்தார் தினம். கார் இல்லாதவன் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருந்துவிட வேண்டியதுதான். ஆனால் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. எழுந்து நடக்க முடியாத உடம்புக்கு நத்தார் என்ன, பொங்கல் என்ன? யாராவது போய்த்தான் எழுப்ப வேண்டும், கழுவ வேண்டும், மருந்தை எடுத்து வாயில் வைக்க வேண்டும். இதற்காகவே ஒரு வாரத்துக்கு முன்னால் கௌசிகனிடம் சொல்லி வைத்திருந்தான். கௌசிகனும் அவன் வேலை செய்யும் அதே பராமரிப்பு ஏஜென்சியில் வேலை செய்கிறவன். சொந்தக் கார் வைத்திருக்கிறவன். "நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை, நான் உங்களை இறக்கிப்போட்டுத்தான் என்ர வேலைக்குப் போவன்" என்று அடித்துச் சொன்னான்.

எட்டு மணிக்கு கிருசாந்தன் நியூ மோல்டனில், மகளோடு வாழும் ஒரு முதியவரின் வீட்டில் நிற்க வேண்டும். ஐந்து மைல். வாடகைக் கார் பிடிக்கும் செயலியைத் திறந்தான். பக்கத்தில் கார் எதுவும் இல்லை என்று அது சொன்னது. மறுபடி அழுத்த, மறுபடியும் அதையே சொன்னது. ஏஜென்சியின் அவசர எண்ணுக்கு அழைத்தபடியே நடக்கத் தொடங்கினான்.

எடுத்தவள் பிரீத்தா. சேலத்துக்காரி, அவனுக்கு மேற்பார்வையாளர்.

"பிரீத்தா, கௌசிகன் வரேல்லை. போனும் எடுக்கிறானில்லை. நான் நடந்துதான் போறன். ஒம்பதுக்குப் பிறகுதான் போய்ச் சேருவன்."

"ஐயோ கிரிஷ், இன்னிக்குப் பார்த்தா! ஏற்கெனவே மூணு பேர் உடம்பு சரியில்லைன்னு லீவு. மாத்தி அனுப்ப ஆளே இல்லை."

"மகளுக்கு ஒருக்காச் சொல்லட்டோ? தகப்பன் தனிய இருக்கிறார் எண்டு."

"வேண்டாம், வேண்டாம். அவங்க ஆஸ்பத்திரி டியூட்டில, வார்டுல இருப்பாங்க. சும்மா பயமுறுத்தாதீங்க. எப்பவும் எட்டரை வரைக்கும் தூங்குறவர்தானே? நீங்க வேகமா போங்க. வந்த நேரம் எட்டுன்னு நான் இங்கேருந்து போட்டுடுறேன்."

அவன் சரி என்றான். அந்த ஒரு 'சரி'யைப் பிறகு எத்தனையோ நாள் நினைத்து நினைத்து நொந்துபோனான். ஆனால் அந்த நேரத்தில், பொறுப்பை வேறொருவர் எடுத்துக்கொண்டதில் அவனுக்கு ஒரு ஆறுதல் இருந்தது என்பதுதான் உண்மை.

கிருசாந்தனுக்கு நாற்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்து நெல்லியடிக்காரன். இருபத்தெட்டு வயதில், கொரிய மொழிப் பரீட்சையில் தேறி, கொரியாவுக்கு வேலைக்குப் போனான். கிம்ஹே என்ற ஊரில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கிற ஆலையில் ஒன்பது வருடம் இயந்திரத்தோடு இயந்திரமாக நின்றான். இடையில் ஊருக்கு வந்து லக்‌ஷிகாவைக் கட்டினான். கொரியாவை விட்டு வந்த பிறகு நெல்லியடிச் சந்தியில் ஒரு கடை போட்டான். போட்ட அடுத்த வருடமே பொருளாதார நெருக்கடியில் நாடு படுத்துவிட்டது, கடையும் படுத்துவிட்டது. அப்புறம்தான் லண்டன். பராமரிப்பு வேலை விசா கிடைத்தபோது, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிவர முடியாது என்ற சட்டமும் வந்து சேர்ந்திருந்தது. தனியே வந்தான். ஏஜென்சிதான் அவனுக்கு ஸ்பொன்சர். ஏஜென்சி கையை விட்டால் அறுபது நாளில் வேறு ஸ்பொன்சர் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஒன்பது வருடம் படித்த கொரிய மொழி லண்டனில் பயன்படும் என்று அவன் நினைத்ததே இல்லை. நியூ மோல்டன் என்ற இடத்தில் தெருவுக்குத் தெரு கொரியர்கள் இருப்பதும் அவனுக்குத் தெரியாது. அங்கே திரு. யூன் என்று ஒரு எண்பத்திரண்டு வயதுக்காரர். தேகு நகரில் சிறு பட்டறை வைத்திருந்தவர். மனைவி போன பிறகு மகளோடு இருக்க லண்டன் வந்தவர். மறதி நோய் அவருடைய ஆங்கிலத்தைத்தான் முதலில் தின்றது. வருகிற பராமரிப்பாளர் பேசுவது அவருக்கும், அவர் பேசுவது பராமரிப்பாளருக்கும் விளங்காமல், மூன்று பேர் விட்டுவிட்டுப் போனார்கள். நாலாவதாகப் போன கிருசாந்தன், வாசலில் நின்று தலை குனிந்து, "ஹராபொஜி, நன்றாகத் தூங்கினீர்களா?" என்று கொரிய மொழியில் கேட்டான். ஹராபொஜி என்றால் தாத்தா. கிழவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பக்கத்தில் நின்ற மகள் மின்-ஜிதான் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

மின்-ஜி ஒரு மருத்துவமனையில் தாதி. காலை ஏழுக்குப் புறப்படுவாள். கிருசாந்தன் எட்டுக்கு வருவான். இடையில் ஒரு மணி நேரம் கிழவர் தனியே தூங்குவார். பதினான்கு மாதமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் வந்ததில்லை.

வழியில் மேர்ட்டன் என்ற பகுதியைத் தாண்டும்போது வானம் வெளுத்தது. கிருசாந்தன் நூறு அடி ஓடுவதும் நூறு அடி நடப்பதுமாகப் போனான். மூச்சு புகையாக வந்தது. கடைகளெல்லாம் பூட்டு. சிவப்பு விளக்கு யாருக்காகவோ எரிந்து, பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தது. கொரியாவில் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஆலை மூடுகிற மூன்று நாளும் இப்படித்தான் இருக்கும். அதற்கு முதல் நாள் மாலையில் முதலாளி எல்லோருக்கும் ஒரு பரிசுப் பெட்டி கொடுப்பார்: டின் இறைச்சி, சமையல் எண்ணெய், சவர்க்காரம். கொரியர்கள் அதைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நகரம் காலியாகும். மூன்றாம் நாள் டின் இறைச்சியைத் திறந்து மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டித் தின்றுவிட்டு, மறுநாள் இயந்திரத்தைப் போடுவார்கள்.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு அவன் யூன் வீட்டுத் தெருவில் திரும்பினான். தூரத்திலேயே தெரிந்தது. வாசல் கதவு ஒரு சாண் அகலத்துக்குத் திறந்திருந்தது.

"ஹராபொஜி!"

கட்டில் காலி. போர்வை ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. குளியலறை, சமையலறை, பின் தோட்டம், படிக்கட்டின் கீழுள்ள சிறு அறை, எங்கும் இல்லை. கனத்த குளிர்க் கோட்டு சுவர்க் கொளுவியில் தொங்கியது. வெளியே மூன்று பாகை குளிர்.

பிரீத்தாவை அழைத்தான்.

"பக்கத்துல எங்கேயாவது இருப்பார். ஒரு அரை மணி நேரம் தேடிப் பாருங்க."

"இப்பவே பொலிசுக்கு அடிக்க வேணும், பிரீத்தா."

"கொஞ்சம் யோசிங்க. போலீஸ்னா கவுன்சில் வரும், விசாரணை வரும். நம்ம மேல ஏற்கெனவே ஒரு புகார் இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எட்டுக்கு உள்ளே வந்துட்டீங்கன்னு பதிவாயிடுச்சு. நீங்க சமையல் பண்ணிட்டு இருந்தப்போ அவர் கதவைத் திறந்து போயிட்டார்னு சொல்லலாம். யாருக்கு வேணும்னாலும் நடக்கிறதுதானே? லேட்டா வந்தீங்கன்னா அது உங்க தப்பு, கிரிஷ். உங்க விசாவை நினைச்சுப் பாருங்க. என் வேலையும் இதுலதான் இருக்கு."

அவன் அழைப்பைத் துண்டித்தான்.

கையில் கைபேசியோடு நடுக்கூடத்தில் நின்றான். விசாவை நினைத்துப் பார்க்கச் சொன்னாள், நினைத்துத்தான் பார்த்தான். ஏஜென்சி, அறுபது நாள், லக்‌ஷிகா, மகளின் பள்ளிக்கூடம், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆனால் அதற்குள்ளேயே இன்னொரு கணக்கும் ஓடியது. சமைக்கும்போது இப்போதுதான் போனார் என்றால் பொலிஸ் ஒரு தெருவுக்குள் தேடும். மின்-ஜி புறப்பட்ட கையோடு போயிருந்தால் இரண்டு மணி நேரத் தூரம். அவர் மெதுவாக நடப்பவர்தான், ஆனால் நிற்காமல் நடப்பவர். பொய்யான நேரத்தைச் சொன்னால் அவரைப் பொய்யான இடத்தில்தான் தேடுவார்கள்.

பொலிஸ் அவசர எண்ணான மூன்று ஒன்பதை அழுத்தினான்.

"கடைசியாக அவரைப் பார்த்தது யார்? எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் அந்தப் பக்கத்துப் பெண்.

"மகள். ஏழு மணிக்கு."

"நீங்கள் எத்தனை மணிக்கு வந்தீர்கள்?"

"ஒன்பது பத்துக்கு. எட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் பிந்திவிட்டேன்."

அடுத்து மின்-ஜியை அழைத்தான். வார்டில் யாரோ எடுத்து, அவளைத் தேடிக் கொண்டுவர மூன்று நிமிடம் ஆனது. விஷயத்தைக் கொரிய மொழியில் சொன்னான். அவள் கத்தவில்லை.

"நீங்கள் அங்கே இருக்கவில்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்கவில்லை."

தொடர்பு அறுந்தது.

பொலிஸ் வரும்வரை வீட்டை இன்னொரு முறை பார்த்தான். இந்த முறை, ஆளைத் தேடாமல், ஆள் எதைக் கொண்டுபோனார் என்று தேடினான். கொளுவியில் தொங்கும் தொப்பி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் போடும் கறுப்புச் சூட் இல்லை. மினுக்கி வைத்திருந்த சப்பாத்து இல்லை. சாப்பாட்டு மேசையில், தேவாலயத்தில் முதியவர்களுக்கென்று நேற்றுக் கொடுத்தனுப்பிய பரிசுப் பெட்டி இருந்தது, அதுவும் இல்லை.

நேற்று மத்தியானம் முழுக்க அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே கிழவர் இருந்தார். "பஸ் எத்தனை மணிக்கு?" என்று நாலைந்து தடவை கேட்டார். கிருசாந்தன் ஏதோ சமாளித்துச் சொல்லிவிட்டு மருந்தைக் கொடுத்தான்.

இப்போது விளங்கியது. கடைகள் பூட்டு, தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன, கையில் பரிசுப் பெட்டி. கொரியாவில் வாழ்ந்த எவனுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். பண்டிகை. கிழவர் சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். ஆன்தொங் என்ற மலைநாட்டு ஊருக்கு, தாய் தகப்பனைக் கும்பிட.

கொளுவியில் இருந்த கிழவரின் கோட்டை உருவிக்கொண்டு ஓடினான். ரயில் நிலையத்து இரும்புக் கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. அதன் முன்னால் யாரும் இல்லை. ஹை ஸ்ட்ரீட் முழுவதும் திறந்திருந்தது ஒரே ஒரு கடைதான். பாலும் பத்திரிகையும் லொத்தர் சீட்டும் விற்கிற கடை. முதலாளி கணேசலிங்கம், கொக்குவில்காரர், அறுபதைத் தாண்டியவர். கிருசாந்தன் சில நாள் அங்கே பால் வாங்கியிருக்கிறான்.

"அண்ணை, ஒரு கொரியன் ஐயாவைக் கண்டனீங்களோ? தொப்பி, கறுப்புச் சூட், கையில ஒரு பெட்டி?"

கணேசலிங்கம் பத்திரிகைக் கட்டை அப்படியே வைத்தார். "ஓம் தம்பி. நான் எட்டு மணிக்குக் கடை திறக்கேக்க உந்த பஸ் ஸ்ரொப்பில இருந்தவர். இண்டைக்கு பஸ் இல்லை ஐயா எண்டு கையால காட்டினன். எழும்பி, வடிவாக் குனிஞ்சு எனக்கு ஒரு கும்பிடு போட்டிட்டு, கீழ மோல்டன் ரோட் பக்கமா நடந்தவர்."

"கோட் இல்லாமலோ?"

"கோட் இல்லைதான்..." அவர் முகம் மாறியது. "நான் மறிச்சிருக்க வேணும். வெள்ளையும் சள்ளையுமா, சேர்ச்சுக்குப் போற ஆள் மாதிரி இருந்தார். நான் என்னத்தைக் கண்டன்?"

மோல்டன் ரோட் நேரே போய் ஏ3 நெடுஞ்சாலையில் முட்டுகிறது. பஸ் இல்லாவிட்டாலும் அந்தச் சாலையில் கார்கள் எழுபது மைல் வேகத்தில் பறக்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணேசலிங்கம் கடையின் கதவை இழுத்து விட்டுத் தன் வான் வண்டியை எடுத்தார். கிருசாந்தன் ஓடும் வண்டியிலிருந்தே பொலிசுக்கு இடத்தைச் சொன்னான். ஒவ்வொரு பஸ் தரிப்பிடமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒன்றில் யாரும் இல்லை. இரண்டாவதில் இருக்கையில் முகம் துடைக்கும் கைலேஞ்சி ஒன்று கிடந்தது. நாலு மூலையும் மடித்த கைலேஞ்சி. கிருசாந்தன் அதை எத்தனை தடவை அப்படி மடித்திருப்பான்!

"கெதியா விடுங்கோ அண்ணை."

நெடுஞ்சாலையில் ஏறுகிற வளைவில் அவரைக் கண்டார்கள். புல் விளிம்பும் தாரும் சேருகிற இடத்தில், முதுகை நிமிர்த்தி நின்றார். ஒரு கையில் பெட்டி. மறுகையை, வருகிற காருக்கெல்லாம் உயர்த்திக்கொண்டிருந்தார். கார்கள் ஹோர்ன் அடித்து விலகிப் போயின. ஒவ்வொரு கார் போகும்போதும் அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"அண்ணை, இஞ்சயே நிப்பாட்டுங்கோ. ஹோர்ன் அடிச்சிடாதேங்கோ. பயந்து றோட்டுக்குள்ள பாய்ஞ்சிடுவார்."

கிருசாந்தன் இறங்கிப் புல் மேலாக நடந்தான். ஓடவில்லை. பத்து அடி தூரத்தில் நின்றான்.

"ஹராபொஜி, ஆன்தொங் பஸ்ஸுக்கா நிற்கிறீர்கள்?"

"வேறெதற்கு?" என்றார் கிழவர் திரும்பாமலே. பற்கள் கிடுகிடுத்தன. "எத்தனை நேரமாகக் கை காட்டுகிறேன். ஒருத்தனும் நிறுத்துகிறானில்லை."

"இங்கே நிறுத்த மாட்டார்கள். பஸ் நிலையம் அந்தப் பக்கம். வாருங்கள், நான் காட்டுகிறேன்."

"பொய்!" சட்டெனத் திரும்பினார். கண்ணில் அவனைத் தெரிந்த அடையாளமே இல்லை. "நீ யார்? என் பெட்டிக்கு வந்தாயா?" பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஒரு அடி வைத்தார். குதிகால் தாரில் பட்டது. ஒரு லொறி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அந்த வேகத்தில் தொப்பி பறந்து சாலைக்குள் உருண்டது. கிழவர் தொப்பியைப் பார்த்தார்.

"தொப்பி போகட்டும் ஹராபொஜி!" என்றான் கிருசாந்தன். ஏமாற்றிக் கூட்டிவர முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஆள் நோயாளிதான், ஆனால் பொய்யைப் பிடித்துவிடுகிற ஆள். "எனக்கு உங்கள் பெட்டி வேண்டாம். நான் வெளிநாட்டுக்காரன். இலங்கை. கிம்ஹேயில் ஆலையில் வேலை செய்தேன்."

"இலங்கையா?" தொப்பியிலிருந்து பார்வை அவனுக்கு வந்தது. "பண்டிகைக்கு ஊருக்குப் போகவில்லையா?"

"போக முடியாது."

"பெண்டாட்டி பிள்ளை?"

"இருக்கிறார்கள். ஒரு மகள். ஏழு வயது."

"பார்த்து எவ்வளவு நாள்?"

"இருபது மாதம்."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். வேர்த்து நனைந்த சட்டை, சேறு அப்பிய சப்பாத்து, கையில் யாருடையதோ கோட்டு. ஒன்பது வருடக் கொரியாவில் ஒரு பண்டிகைக்குக்கூட யாரும் அவனிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டதில்லை.

"சாப்பிட்டாயா?" என்றார்.

"இல்லை."

"பண்டிகை நாளில் ஒரு மனிதன் தனியே இருந்து சாப்பிடக் கூடாது. எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. நீயும் வா." பிறகு, பெரியவர்கள் இளையவர்களிடம் சொல்கிற அதட்டலோடு, "நின்று பார்க்கிறாயே, இதைப் பிடி. கனக்கிறது" என்று பெட்டியை நீட்டினார்.

கிருசாந்தன் அங்கே பழகிய மரியாதைப்படி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் போனான். பெட்டியையும் அதைப் பிடித்திருந்த மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தான். பனிக்கட்டியாக இருந்தது அந்தக் கை. ஒரே இழுப்பில் அவரைப் புல்லுக்குள் கொண்டுவந்தான். இரண்டு பேரும் விழுந்தார்கள். கணேசலிங்கம் ஓடி வந்து கோட்டால் கிழவரைச் சுற்றினார். பொலிஸ் வண்டியின் சத்தம் அப்போதுதான் கேட்கத் தொடங்கியது.

மருத்துவமனையில் அவருடைய உடல் வெப்பம் முப்பத்துமூன்று பாகை என்றார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். சீருடையோடு ஓடி வந்த மின்-ஜி, தகப்பனின் கட்டிலருகே அரை மணி நேரம் நின்றாள். பிறகு வெளியே வந்தாள். நடைகூடத்தில் கிருசாந்தன் எழுந்து நின்றான்.

"பிந்தப் போகிறது என்று உங்களுக்கு எப்போது தெரியும்?"

"ஏழு நாற்பதுக்கு."

"அப்போதே எனக்கு ஏன் சொல்லவில்லை? பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பியிருப்பேனே. அந்த நேரமே தேடத் தொடங்கியிருப்போமே."

சொல்ல வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொன்னார் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் வாய் வரவில்லை. "சொல்லியிருக்க வேண்டும்" என்றான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

பிற்பகலில் பிரீத்தா அழைத்தாள். "போலீஸ்கிட்ட ஒன்பது பத்துன்னு சொன்னீங்களா? சிஸ்டத்துல எட்டுன்னு இருக்கே. இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"மாத்துங்கோ. நான் வந்தது ஒம்பது பத்துக்கு."

"மாத்தினா நான் மாட்டிக்குவேன் கிரிஷ்." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

"எனக்கு விளங்குது, பிரீத்தா. ஆனால் எனக்கு வேற ஒண்டும் சொல்ல ஏலாது."

கௌசிகன் பிறகுதான் கிருசாந்தனின் வீட்டுக்கு வந்தான். முந்தின இரவு வரை இரட்டை ஷிப்ட் செய்துவிட்டுப் படுத்தவன், கைபேசியைச் சத்தமில்லாமல் வைத்துத் தூங்கிப்போயிருந்தான். "அண்ணை, செருப்பால அடியுங்கோ" என்று வாசலில் நின்றான். கிருசாந்தனுக்கு அவனைத் திட்டத் தெம்பில்லை. உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான்.

ஊரில் இருந்த லக்‌ஷிகாவிடம் தொலைபேசியில் சொன்னபோதுதான் உண்மையான சண்டை வந்தது.

"இஞ்சருங்கோ, அந்தப் பிரீத்தாப் பிள்ளை உங்களைக் காப்பாத்தத்தானே எட்டு எண்டு போட்டது? ஆளும் கிடைச்சிட்டார். பேந்து ஏன் வலிய வாயைக் குடுத்தனீங்கள்? வேலை போனா எங்கட நிலைமை என்ன?"

"நேரத்தை மாத்திச் சொல்லியிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டார், லக்‌ஷி."

"உங்களுக்கு அந்தக் கிழவரிலதான் கரிசனை" என்றாள் அவள். இரண்டு நாள் பேசவில்லை.

ஜனவரி முழுக்க அவனுக்கு ஷிப்ட் தரவில்லை. அறையில் இருந்து, தபால் போடுகிறவன் வருகிற சத்தத்துக்கெல்லாம் எழுந்து போனான். மூன்றாம் வாரம், முதியவர் பராமரிப்புக்குப் பொறுப்பான உள்ளூர்க் கவுன்சிலில் விசாரணை நடந்தது. மூன்று பேர் இருந்து கேட்டார்கள். அவன் பிரீத்தாவின் அழைப்பைப் பற்றியும் சொன்னான். மகளுக்கு அறிவிக்காமல் விட்டது தன் பிழை என்றும் சொன்னான். முடிவு பத்து நாளில் வந்தது. பஸ் ஓடாத நாளில் கார் இல்லாதவரை ஐந்து மைலுக்கு அனுப்பியதும், ஒரு மாற்று ஏற்பாடும் செய்யாததும் ஏஜென்சியின் குற்றம். குடும்பத்துக்கு அறிவிக்காததற்காக கிருசாந்தனுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. வேலை தப்பியது. பிரீத்தாவை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அவன் ஒருமுறை அவளுக்குச் செய்தி அனுப்பினான். அவள் பார்த்தாள், பதில் போடவில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் மின்-ஜியே ஏஜென்சியைக் கேட்டு அவனைத் திரும்ப அழைத்தாள். முதல் நாள் ஆறே முக்காலுக்கே போய்விட்டான். இப்போது அவள் அவன் வந்த பிறகுதான் புறப்படுவதாக ஏற்பாடு. கதவில் புதிதாக ஒரு மணி பூட்டியிருந்தது. திறந்தால் தெருவுக்கே கேட்கும்.

வாசலில் கோட்டுப் பொத்தானைப் போட்டபடி அவள் சொன்னாள்: "நான் உங்களை மன்னிக்கவில்லை. என்னையும்தான். பதினான்கு மாதம் அந்த ஒரு மணி நேரம் அவரைத் தனியே விட்டுப் போனவள் நான்." கடைசிப் பொத்தானைப் போட்டாள். "ஆனால் உண்மையான நேரத்தைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். மருந்து சமையலறையில் இருக்கிறது. கஞ்சிக்கு உப்புக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர்."

அவள் போனாள். கிருசாந்தன் கையைக் கழுவிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். கிழவர் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தான்.